வாயில் நுழையாத பெயர்

எங்கள் கடையில் அவளுக்குத் திருப்பி அக்கா என்றுதான் பெயர். யார் எந்த முக கிரீமைக் கையில் எடுத்தாலும் "திருப்பிப் பாருங்க" என்று சொல்லிவிடுவாள். அதனால் வந்த பெயர். டப்பாவின் முன்பக்கம் ஒருத்தி பளபளவென்று சிரித்துக்கொண்டிருப்பாள், இலையில் பனித்துளி நிற்கும், பொன் எழுத்தில் ஏதாவது மின்னும். அக்கா அதையெல்லாம் ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். "முன்பக்கம் விக்கிறவன் பேசறது. பின்பக்கம்தான் உள்ள என்ன இருக்குன்னு சொல்லும்" என்பாள்.

கடையில் ஒரு பக்கம் மருந்து. மறுபக்கம் சோப்பு, ஷாம்பு, கிரீம். நடுவில் பில் போடும் மேஜை, அதில் நான். இரண்டு பக்கமும் நடப்பது அத்தனையும் என் கண்ணில் படும், காதிலும் விழும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று முதலாளி சொல்வார். நீளம்தான், அதற்கு என்ன இப்போது? நான் சொல்ல வந்தது என்னைப் பற்றியல்ல.

அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கம்பெனிக்காரன் மாதிரிக்கு என்று ஒரு டப்பா கொடுத்தானாம். ஆசையாகப் பூசிக்கொண்டு படுத்திருக்கிறாள். விடிந்தபோது முகம் பொதபொதவென்று வீங்கி, கண் இரண்டும் கோடாகிவிட்டது. புதிய வேலை, லீவு கேட்கப் பயம். அந்த முகத்தோடேயே வந்து கிரீம் அலமாரி முன்னால் நின்றாள். வந்தவர்கள் அவளைப் பார்ப்பார்கள், அலமாரியைப் பார்ப்பார்கள், பேசாமல் போய்விடுவார்கள். "அன்னிக்கு நம்ம கடையில ஒரு சோப்பு கூடப் போகலை" என்று இப்போது சொல்லிச் சிரிப்பாள். அன்று அழுதிருக்கிறாள். கிரீமில் இருந்த வாசனைதான் அவள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தோல் டாக்டர் சொல்லியிருக்கிறார். அது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் தெளிவாகவே போட்டிருந்ததாம். அன்றிலிருந்து கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி. தாலியைக் கூட ஒருநாள் கழற்றி வைப்பாள், அந்தக் கண்ணாடியைக் கழற்ற மாட்டாள் என்று அவள் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அவள் சொல்லித்தான் எங்கள் எல்லோருக்கும் டப்பாவைப் படிக்கத் தெரியும். முதலில் எழுதியிருப்பதுதான் உள்ளே அதிகம் இருப்பது. போகப் போகக் குறையும். கடைசியில் நிற்பதெல்லாம் சும்மா பேருக்கு. ஒரு முறை கல்யாணப் பெண் ஒருத்தி அம்மாவோடு வந்து, தங்கம் போட்ட கிரீம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். டப்பாவே நகைப்பெட்டி போல இருக்கும். அக்கா டப்பாவோடு பூதக்கண்ணாடியையும் அவளிடமே நீட்டினாள்.

"தங்கம் எங்க இருக்குன்னு நீயே தேடிச் சொல்லும்மா."

அந்தப் பெண் தேடு தேடென்று தேடினாள். தண்ணீர் இருந்தது, எண்ணெய் இருந்தது, வாசனை இருந்தது. வாசனைக்கும் அப்புறம், சாயத்துக்கு முன்னால், தங்கம் இருந்தது.

"வாசனையே ஒரு துளிதான் போடுவாங்க. அதுக்கும் பின்னாடி நிக்குதுன்னா, இந்தத் தங்கத்துல கொசுவுக்கு மூக்குத்தி கூடச் செய்ய முடியாது" என்றாள் அக்கா. பெண்ணின் அம்மா சிரித்த சிரிப்பில் மருந்துப் பக்கம் நின்றிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கிளிசரின் கூடுதலாக இருந்த ஒரு சாதாரண டப்பாவை வாங்கிக்கொண்டு போனார்கள். முதலாளிக்கு வயிற்றெரிச்சல். ஆனால் அந்தப் பெண் தன் அக்காளையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தபோது அவர் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்வாள். வாடிக்கைக்காரர்கள் அதையே மனப்பாடமாக வைத்திருந்தார்கள்: "வாயில நுழையாத பேரெல்லாம் முகத்துக்கு எதுக்கு? வெச்சிடுங்க." பட்டியல் சின்னதாக இருக்க வேண்டும், படித்தால் புரிய வேண்டும். நாக்கு சுளுக்கிக்கொள்கிற பெயர் இருந்தால் டப்பா திரும்ப அலமாரிக்கே போய்விடும். அவள் சொன்ன தோரணைக்கு நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம்.

அக்காவின் மகள் அந்த அலமாரிக்குப் பின்னால் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வந்து, ஒரு முக்காலியில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுவாள். முடிந்ததும் டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் படிப்பாள். கதைப் புத்தகம் படித்ததை நான் பார்த்ததில்லை. படித்து முடித்து ஒரு அலுவலகத்தில் சேர்ந்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, யார் யாரோ போனில் திட்டுவதைக் கேட்டு "மன்னிக்கணும் சார்" என்று சொல்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் அம்மாவிடமும் "மன்னிக்கணும்" என்றே பேச ஆரம்பித்துவிட்டாள். பிறகு ஒரு நாள் அதை விட்டுவிட்டாள். எங்களிடம் கூடச் சொல்லவில்லை. சமையலறையில் கிரீம் காய்ச்ச ஆரம்பித்துவிட்டாள்.

முதல் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் கடைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளை டப்பா. மேலே அவளுடைய பெயர், அவளே வரைந்த எழுத்தில். முதலாளி அதை வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. உங்கம்மா சரின்னா எனக்கும் சரி. மேல் தட்டுல இடம் தரேன்."

மகள் டப்பாவை அம்மா முன்னால் வைத்தாள். முன்பக்கம் தெரியும்படி வைக்கவில்லை. திருப்பியே வைத்தாள்.

அக்கா கண்ணாடியை எடுத்தாள். தண்ணீர். கற்றாழை. பாதாம் எண்ணெய். கிளிசரின். மெழுகு. அவ்வளவுதான். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். படித்து முடித்தும் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை, வேறு ஏதாவது இருக்கிறதா என்று அடியில் தேடினாள். ஒன்றுமில்லை.

"எல்லாமே வாயில நுழையுதேடி."

"நீ சொன்னதைத்தானேம்மா செஞ்சிருக்கேன்."

அக்கா கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் ஒரு டப்பாவையாவது அவள் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள் என்றால் அது அன்றுதான். நான் பில் மேஜையிலிருந்தே, "எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க, பில் நானே போட்டுக்கறேன்" என்று கத்தினேன்.

நன்றாகத்தான் போனது. கல்யாணப் பெண்ணின் அம்மா வாங்கினாள், தையல்காரம்மா வாங்கினாள், எதிர்ச்சாரி சலவைக் கடைக்காரர் மனைவிக்கென்று சொல்லி வாங்கித் தானே பூசிக்கொண்டார். மகளுக்குச் சமையலறை போதவில்லை, பக்கத்தில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தாள். தன்னுடைய இன்னொரு கடையிலும் வைக்கலாம் என்று முதலாளி வாக்குக் கொடுத்தார். பழைய அலுவலகத்திலிருந்து திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட்டபோது, மாட்டேன் என்று அடித்துச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. தெருவில் நடந்து வரும்போதே தெரியும்.

என் டப்பா எங்கள் வீட்டுக் குளியலறை ஜன்னலில் இருந்தது. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து மூடியைத் திறந்தேன். ஒரு புளிச்ச வாடை அடித்தது. மூடியின் உட்பக்கம் பொட்டுப் பொட்டாகப் பச்சை. கிரீமின் மேலேயும் ஒரு ஓரத்தில் பஞ்சு போலப் பூத்திருந்தது.

பேசாமல் குப்பையில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அப்படி ஒரு யோசனை வந்தது, வராமல் இல்லை. ஆனால் தையல்காரம்மா கைக்குழந்தைக்காரி. அந்தக் கையோடுதான் குழந்தையைத் தூக்குவாள். டப்பாவை ஒரு பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

சாப்பாட்டு நேரத்தில், கடையின் பின்னறையில் வைத்து அக்காவிடம் காட்டினேன். பார்த்தாள். முகம் செத்துப்போய்விட்டது. ஆனால் வாய் மட்டும் முந்திக்கொண்டது.

"நீ ஈரக் கையை விட்டிருப்ப."

"விட்டிருப்பேன்கா. குளிச்சிட்டு வந்து பூசற கிரீமை ஈரக் கையால தொடாம யாரு தொடுவா?"

"ஜன்னல்ல வெச்சிருக்க. வெயில் பட்டிருக்கும்."

"பட்டிருக்கும். மத்த டப்பாவும் அங்கதான் இருக்கு. வாயில நுழையாத பேரா பத்து எழுதியிருக்கே, அது. அதுக்கு ஒண்ணும் ஆகலையே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அக்கா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக மருந்துப் பக்கம் போனாள். மருந்து கொடுக்கிறவரை நாங்கள் அரை டாக்டர் என்று கூப்பிடுவோம். கட்டை மீசை, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், அதிர்ந்து பேசாத மனுஷன். அக்கா அவர் முன்னால் டப்பாவைத் திறந்து வைத்தாள்.

அவர் பின்பக்கம் படித்தார். "தண்ணி இருக்குதேக்கா" என்றார்.

"தண்ணி எல்லாத்துலயும்தான் இருக்கு."

"அதான். தண்ணி இருக்கிற இடத்துல பூஞ்சை வரும். நம்ம கண்ணுக்குத் தெரியாததும் வரும். அதுங்க வராம இருக்கத்தான் கடைசியில ஒண்ணு ரெண்டு போடறாங்க. கொஞ்சம்தான், ஆனா அது இல்லாம முடியாது."

"அந்த வாயில நுழையாத பேரா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"அப்ப ஏன்யா இத்தனை வருஷமா நான் சொல்லிட்டுக் கிடக்கும்போது நீ ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீங்க என்னைக் கேக்கலையேக்கா" என்றார் அந்த மனுஷன், பாவம். கோபமாகச் சொல்லவில்லை. அவர் ஒரு மூலையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தபோது, இந்த மூலையில் அக்கா சொன்ன ஒவ்வொன்றுக்கும் கூட்டமாக நின்று தலையாட்டிய ஆட்கள் நாங்கள். எங்கே வந்து மூக்கை நுழைப்பார்?

அக்கா திரும்பி வந்து மேல் தட்டிலிருந்த மகளின் டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். பழைய ஷாம்புப் பெட்டி ஒன்றில் அடுக்கினாள். முதலாளி ஓடி வந்து, "விக்கிற சரக்கை ஏன்மா இறக்கற?" என்றார். "கெட்டுப்போற சரக்கு சார்" என்றாள். அப்புறம் போனை எடுத்து வாங்கியவர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். எல்லாரும் அவள் கையால் வாங்கியவர்கள்தான், யாருக்கு என்ன கொடுத்தோம் என்று அவளுக்குத் தெரியும். "அந்தக் கிரீமைப் பூசாதீங்க, கொண்டு வந்து குடுத்திடுங்க. இல்ல, நல்லாத்தான் இருக்கும், இருந்தாலும் பூசாதீங்க." திரும்பத் திரும்ப இதையே சொன்னாள். குரல் கம்மிப்போய்விட்டது.

அவள் கூப்பிடாத ஒரே ஆள் மகள்தான். மகளோ அன்று சாயங்காலமே புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மேல் தட்டு காலி. பெட்டியை இடுப்பில் இடுக்கியபடியே நின்றாள்.

"எல்லாம் வித்துடுச்சா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு என்னவோ செய்கிறது.

"நான்தான் எடுத்தேன்" என்றாள் அக்கா. என் டப்பாவைத் திறந்து காட்டினாள். அரை டாக்டர் சொன்னதையும் சொன்னாள்.

மகள் டப்பாவைப் பார்த்தாள். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். யாரும் எதுவும் வாங்குவதாகத் தெரியவில்லை.

"வாயில நுழையாத பேரு வேணாம்னு சொன்னது யாரும்மா?"

"நான்தான்."

"சின்ன வயசுலேருந்து சொன்ன. முக்காலியில உக்கார வெச்சு சொன்ன. நான் அதை எங்கயும் படிச்சுப் பாக்கலை, யாரையும் கேக்கலை. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு செஞ்சேன்."

"தப்பு உன்னோடது இல்ல கண்ணு. என்னோடது."

"உன்னோடதுன்னா டப்பா மேல என் பேரு ஏன் இருக்கு?"

மகள் புதுப் பெட்டியையும் ஷாம்புப் பெட்டியையும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். உதவிக்குப் போன அக்காவை, "விடும்மா" என்று ஒதுக்கிவிட்டாள். அப்புறம் வீட்டுக்கும் வரவில்லை. அந்த வாடகை அறையிலேயே படுத்துக்கொண்டாள். போன் செய்தால் எடுப்பாள், "சாப்டேன்" என்பாள், வைத்துவிடுவாள்.

அக்காவுக்கு அதன் பிறகு கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. ஆனால் ஒன்று செய்தாள். கடைக்கு வருகிற பழைய வாடிக்கை ஒவ்வொருவரையும் நிறுத்தி, "நான் இதுவரைக்கும் உங்ககிட்ட ஒண்ணு தப்பா சொல்லிட்டு இருந்தேன்" என்று ஆரம்பிப்பாள். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "இப்படித் தன் வாயாலயே சொன்னா நாளைக்கு யாரு உன்னை நம்புவா?" என்றார். "நம்பாம இருக்கட்டும் சார், விசாரிச்சுக்கிட்டு வாங்கட்டும்" என்றாள். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். கல்யாணப் பெண்ணின் அம்மா, "போங்க, உங்க பேச்சைக் கேட்டு எத்தனை நல்ல கிரீமைத் திருப்பி வெச்சேன்" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். அக்கா வாங்கிக் கட்டிக்கொண்டாள். நான்தான் பொறுக்க முடியாமல், "அந்தத் தங்கக் கிரீமுக்குக் காசைக் கொட்டாம உங்களைக் காப்பாத்தினது இவங்கதான், மறந்துடாதீங்க" என்றேன்.

இன்னொன்றும் நடந்தது. சாப்பாட்டு நேரத்தில் அக்கா பின்னறைக்கு வராமல் மருந்துப் பக்கம் போய் உட்கார ஆரம்பித்தாள். அரை டாக்டர் ஏதோ சொல்வார், அக்கா திருப்பிச் சொல்வாள், அவர் தலையை ஆட்டி மறுபடியும் சொல்வார். நான் சோற்றை மென்றுகொண்டே எட்டிப் பார்ப்பேன். என்ன பாடம் என்று கேட்டதற்கு, "உன் வேலையைப் பாரு" என்றாள்.

மகள் வந்தது ஒரு முன்பகலில். இளைத்திருந்தாள். கையில் ஒரே ஒரு டப்பா. டப்பாவை மேஜையில், பின்பக்கம் தெரியும்படி வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். அப்போது தையல்காரம்மா இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். அவள்தான் முதலில் குனிந்து பார்த்தாள்.

"என்ன திருப்பி அக்கா, கடைசியில இது என்னமோ எழுதியிருக்கே. இது வாயிலயே நுழையலையே?"

அக்கா கண்ணாடியை எடுத்தாள். தண்ணீரில் தொடங்கி விரலை மெதுவாகக் கீழே இறக்கினாள். கடைசிப் பெயரில் விரல் நின்றது.

"ஃபீனாக்சி எத்தனால்" என்றாள்.

திக்கவில்லை, திணறவில்லை. மகளின் பெயரைச் சொல்வது போலச் சொன்னாள். "கிரீம் கெட்டுப்போகாம இருக்கறதுக்கு. கொஞ்சம்தான் போடுவாங்க, அதான் கடைசியில நிக்குது. இது இருந்தாத்தான் நீங்க குழந்தையைத் தூக்கற கையால இதைத் தொடலாம்."

"இத்தனை நாளா வேணாம்னீங்க?"

"தெரியாம சொன்னேன். என் பொண்ணு விசாரிச்சுப் போட்டிருக்கா."

மகள் கட்டியிருந்த கையைப் பிரித்தாள். அம்மாவைப் பார்க்காமல் என் மேஜைப் பக்கம் வந்து, பில் புத்தகத்தை நோண்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நான் எதைப் போடப் போறேன்னு அம்மாகிட்ட யாரும் சொல்லலையே. அம்மாவுக்கு எப்படி அந்தப் பேரு இப்படித் திக்காம வந்துச்சு?"

அப்போதுதான் எனக்கும் அந்தச் சாப்பாட்டு நேரத்துப் பாடம் புரிந்தது. மருந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அரை டாக்டர் மாத்திரை எண்ணுவதை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எதைப் போடுவீங்கன்னு அவங்களுக்குத் தெரியலை. அதனால போடக்கூடிய எல்லாப் பேரையும் பழகிட்டு இருந்தாங்க" என்றார்.